நடுவில் ஒரு நிமிடம்

2024 ஜனவரி 20ஆம் தேதி சிலிம் நிலவில் இறங்கியது. பேராக் மாநிலத்தின் தென்கோடியில், ஒரு ரயில் நிலையமும் பழைய கடைவரிசையும் சுற்றிலும் செம்பனையுமாக இருக்கும் எங்கள் சிலிம் ரிவர்காரர்களுக்கு இந்தச் செய்தி இரண்டு நாள் வாட்ஸாப் சிரிப்புக்கு உதவியது. ஜப்பானிய விண்வெளி நிறுவனமான ஜாக்ஸா அனுப்பிய தரையிறங்கு கலத்தின் பெயர் அது. ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து வைத்தது. எங்கள் ஆற்றுக்கும் அதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. ஆனால் அந்தக் கலம் சுமந்துபோன ஒரு சின்னப் பொருளைப் பற்றிப் படித்தபோது எனக்கு எங்கள் ஊரின் பழைய கதை ஒன்று நினைவுக்கு வந்தது.

அந்தப் பொருளின் பெயர் சோரா-கியூ. எட்டு சென்டிமீட்டர் விட்டம், ஏறத்தாழ கால் கிலோ எடை. உள்ளங்கையில் அடங்கும் பந்து. நிலவின் மண்ணில் விழுந்ததும் பந்து இரண்டாகப் பிளந்து விரிகிறது. இரண்டு அரைக்கோளங்களும் சக்கரங்களாகின்றன. நடுவிலிருந்து கேமரா தலைதூக்குகிறது. பின்னால் வால் மாதிரி ஒன்று நீள்கிறது. சிலிம் கலம் கடைசி நேரத்தில் ஒரு எஞ்சின் முனையை இழந்து, குப்புற விழுந்த நிலையில் நிலவில் நின்றது. அப்படி அது நிற்பதைப் படமெடுத்து உலகத்துக்குக் காட்டியது இந்தப் பந்துதான். ஜாக்ஸாவோடு சேர்ந்து இதை உருவாக்கியவர்கள் சோனி நிறுவனம், தோஷிஷா பல்கலைக்கழகம், பிறகு டக்காரா டோமி என்ற பொம்மைக் கம்பெனி. டிரான்ஸ்ஃபார்மர்ஸ் பொம்மைகளைச் செய்த அதே கம்பெனி.

ஆக, உருமாறி வாகனமாகும் ரோபோவைக் கட்ட முடியுமா என்று இனி யாராவது கேட்டால் முடியும் என்றே சொல்லலாம். நிலவில் ஒன்று கிடக்கிறது. பிறகு ஏன் நம் சாலையில் ஒன்றுகூட ஓடவில்லை? இந்தக் கேள்விக்கு விடை தேடப்போனால் பொம்மைக்கடை, பௌதிகக் கணக்கு, ஒரு போர்க்களம், கடைசியில் பால்மரத் தோட்டம் என்று எங்கெங்கோ போக வேண்டியிருக்கிறது.

*

வாகனத்துக்கு வேறொரு உருவம் கொடுக்கும் ஆசை நமக்கும் புதிதல்ல. சீவக சிந்தாமணியில் சச்சந்தன் தன் மனைவி விசயைக்காக மயிற்பொறி செய்து வைக்கிறான். ஒரு பக்கம் முறுக்கினால் எழும், மறுபக்கம் முறுக்கினால் இறங்கும். நிறைகர்ப்பிணியான அரசி அதில் ஏறித் தப்பிக்கிறாள். அவள் மயங்கிவிடுகிறபோது பொறி சுடுகாட்டில் இறங்குகிறது, அங்கே சீவகன் பிறக்கிறான். பெருங்கதையில் உதயணனைப் பிடிப்பதற்கு எந்திர யானை ஒன்றை அனுப்புகிறார்கள். யானை என்று நம்பி அவன் நெருங்க, உள்ளே ஒளிந்திருந்த வீரர்கள் வெளியே வருகிறார்கள். இரண்டும் ஒரே உருவத்தில் நிற்பவை, இன்னொன்றாக மாறுவதில்லை. ஆனால் யானையின் கதையில் ஒரு முக்கியமான சங்கதி இருக்கிறது. மாறுவேடம் என்பது அடுத்தவன் ஏமாறும்போதுதான் பயன்படும்.

டிரான்ஸ்ஃபார்மர்ஸ் கதையின் அடிப்படையும் அந்த மாறுவேடம்தான். 1980இல் டக்காரா கம்பெனி டயாக்லோன் என்ற பொம்மை வரிசையை ஜப்பானில் விற்கத் தொடங்கியது. 1982இல் அதில் கார்கள் வந்தன. நிஜக் கார்களை 60இல் ஒரு பங்காகச் சுருக்கிய பொம்மைகள். கதவு கையாகும், முன்பக்கம் நெஞ்சாகும், பின்பக்கம் நீண்டு காலாகும். 1983இல் மைக்ரோ சேஞ்ச் என்று இன்னொரு வரிசை. அதில் கேசட் பிளேயரும் துப்பாக்கியும் ரோபோவாக மாறின. அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோ கம்பெனி இந்த இரண்டு வரிசைகளுக்கும் உரிமம் வாங்கியது. மார்வெல் காமிக்ஸ் எழுத்தாளர்களை வைத்து ஆளுக்கொரு பெயரும் குணமும் சண்டையும் கொடுத்தது. 1984இல் டிரான்ஸ்ஃபார்மர்ஸ் பிறந்தது. ஜப்பானியப் பொம்மையில் உள்ளே ஒரு குட்டி மனிதன் உட்கார்ந்து ஓட்டுவான். அமெரிக்கக் கதையில் அவனை எடுத்துவிட்டு எந்திரத்துக்கே உயிர் கொடுத்தார்கள்.

இன்று பொம்மை அளவில் இது தீர்ந்துபோன பிரச்சினை. 2021இல் ரோபோசென் நிறுவனம் ஹாஸ்ப்ரோவோடு சேர்ந்து விற்ற ஆப்டிமஸ் பிரைம் பொம்மை அரை மீட்டருக்குச் சற்றுக் குறைவான உயரம். 27 சின்ன மோட்டார்கள் அதன் மூட்டுகளில் இருக்கின்றன. வாயால் சொன்னால் தானாக லாரியாகும், தானாக எழுந்து நிற்கும், நடக்கும். அறிமுகமான 2021இல் விலை ஏறக்குறைய 700 அமெரிக்க டாலராக இருந்தது.

சரி, இதையே பெருசா கட்ட வேண்டியதுதானே?

*

அங்கேதான் கணக்கு இடிக்கிறது. கலிலியோ 1638இல் வெளியிட்ட நூலிலேயே இந்தச் சிக்கலை எழுதிவிட்டார். ஒரு பொருளை எல்லாத் திசையிலும் பெரிதாக்கினால் அதன் எடையும் அதன் வலிமையும் ஒரே வேகத்தில் வளர்வதில்லை.

60இல் ஒரு பங்குப் பொம்மையை, அதே பொருளால், அதே அமைப்பில், நிஜக் கார் அளவுக்கு வளர்ப்பதாக வைத்துக்கொள்வோம். நீளம் 60 மடங்கு. கால் எலும்பின் குறுக்குப் பரப்பு 60 தரம் 60, அதாவது 3,600 மடங்கு. அதுதான் தாங்கும் சக்தி. எடையோ 60 தரம் 60 தரம் 60, அதாவது 2,16,000 மடங்கு. ஆக, காலின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரும் பொம்மையில் தாங்கியதைப்போல 60 மடங்கு பாரத்தைத் தாங்க வேண்டும். முழங்கால் மோட்டார் நிலைமை இன்னும் மோசம். எடையும் கூடுகிறது, மூட்டிலிருந்து அந்த எடை இருக்கும் தூரமும் கூடுகிறது. இரண்டையும் பெருக்கினால் 1 கோடியே 29 லட்சத்து 60 ஆயிரம் மடங்கு முறுக்குவிசை. பொம்மையில் விரல்நுனி மோட்டார் செய்த வேலை இது.

இரும்பு பிளாஸ்டிக்கைவிடப் பலமானது, மோட்டாரை நல்லதாகப் போடலாம், உள்ளே வெற்றிடம் விடலாம். எல்லாம் சரி. ஆனால் அடுத்த சிக்கல் காருக்குள்ளேயே இருக்கிறது. இன்றைய காரின் உடம்பு ஒரு மூடிய பெட்டி. கூரை, தரை, தூண்கள் எல்லாம் ஒன்றோடொன்று பற்றவைக்கப்பட்டு ஒரே கூடாக நிற்பதால்தான் அது வளையாமல் ஓடுகிறது, மோதினால் உள்ளே இருக்கிறவர் பிழைக்கிறார். உருமாற வேண்டுமென்றால் அந்தக் கூட்டை இருபது இடத்தில் அறுத்து, ஒவ்வொரு இடத்திலும் கீல் வைக்க வேண்டும். ஒவ்வொரு கீலும் எடை, ஒவ்வொரு கீலும் ஆட்டம். கார் ஓடும்போது கைகால் மோட்டார்கள் சும்மா இருக்கும் சுமை. ரோபோ நடக்கும்போது சக்கரமும் இருக்கையும் சும்மா இருக்கும் சுமை. இரண்டு உடம்பின் பாரத்தையும் எப்போதும் சுமந்துகொண்டே திரிய வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் சிலர் கட்டிப் பார்த்தார்கள். சும்மா சொல்லக்கூடாது, துணிச்சல்காரர்கள். 2016இல் துருக்கியின் லெட்விஷன் நிறுவனம் ஒரு பி.எம்.டபிள்யூ காரை எழுந்து நிற்கும் ரோபோவாக மாற்றியது. கை அசையும், தலை திரும்பும், ஆனால் நடக்காது. 2018இல் ஜப்பானின் பிரேவ் ரோபோட்டிக்ஸ், அஸ்ராடெக், சான்செய் டெக்னாலஜிஸ் மூன்றும் சேர்ந்து ஜே-டைட் ரைடு என்ற எந்திரத்தைக் காட்டின. 3.7 மீட்டர் உயரம், ஒன்றரை டன்னுக்கு மேல் எடை. உள்ளே இரண்டு பேர் உட்காரலாம். காராகவும் ஓடுகிறது, எழுந்தும் நிற்கிறது. கால் பெயர்த்து நடப்பது மட்டும் ஆமை நடை. காரிலிருந்து ரோபோவாக மாற ஏறத்தாழ ஒரு நிமிடம் ஆகிறது. சான்செய் பொழுதுபோக்குப் பூங்காக்களுக்கு ராட்டினங்கள் செய்கிற கம்பெனி என்பதைக் கவனிக்க வேண்டும். இந்த எந்திரத்தின் இடம் எது என்று அவர்களுக்கே தெரிந்திருக்கிறது.

எனக்கு இதில் எடையைவிட, விலையைவிட, அந்த ஒரு நிமிடம்தான் முக்கியமாகப் படுகிறது. சினிமாவில் மாற்றம் இரண்டு விநாடியில், அதுவும் ஓடிக்கொண்டே நடந்துவிடும். நிஜத்தில் அந்த நிமிடம் முழுக்க எந்திரம் காரும் இல்லை, ரோபோவும் இல்லை. ஓட முடியாது, நடக்க முடியாது, அடித்தால் தடுக்க முடியாது. பாரம் ஒரு காலிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் அந்த நேரத்தில் தரை கொஞ்சம் சரிந்திருந்தால்கூட எல்லாம் கவிழ்ந்துவிடும். ஒரு எந்திரத்தை இரண்டு உருவத்திலும் நன்றாகக் கட்டிவிடலாம். இரண்டுக்கும் நடுவில் அது என்னவாக இருக்கிறது என்பதே பொறியாளரின் தலைவலி.

அந்த நடுநேரத்தின் ஆபத்துக்கு என் ஊரில் ஒரு வரலாறு இருக்கிறது.

*

1941 டிசம்பர் 8ஆம் தேதி கோத்தா பாருவில் ஜப்பானியப் படை கரையிறங்கியது. 1942 பிப்ரவரி 15ஆம் தேதி சிங்கப்பூர் சரணடைந்தது. எழுபது நாளில் ஒரு தீபகற்பமே கைமாறியது. இதைச் சாத்தியமாக்கியவற்றில் ஒன்று சைக்கிள். ஒவ்வொரு டிவிஷனுக்கும் ஆயிரக்கணக்கில் சைக்கிள் கொடுத்திருந்தார்கள். போருக்கு முன்பே ஜப்பானிய மலிவு சைக்கிள்கள் மலாயாவில் விற்றுக்கொண்டிருந்ததால் உதிரிபாகம் சின்னப் பட்டணத்துக் கடையிலும் கிடைத்தது. பின்வாங்கும் பிரிட்டிஷ் படை பாலங்களைத் தகர்த்துக்கொண்டே போனது. லாரி நின்றுவிடும் இடத்தில் சிப்பாய் இறங்கி, சைக்கிளைத் தோளில் தூக்கி, ஆற்றில் இறங்கி நடந்து, அக்கரையில் மறுபடி ஏறி மிதித்தான். இக்கரை வரை சைக்கிள் மனிதனைச் சுமந்தது, ஆற்றுக்குள் மனிதன் சைக்கிளைச் சுமந்தான். மூட்டில்லாமல், மோட்டாரில்லாமல், அரை நிமிடத்தில் முடிந்துபோகிற உருமாற்றம்.

மலாயா வெயிலில் டயர் வெடித்தால் அதைக் கழற்றி எறிந்துவிட்டு வெறும் ரிம்மில் ஓட்டினார்கள். தார்ச்சாலையில் நூற்றுக்கணக்கான ரிம்கள் உரசும் சத்தம் இருட்டில் டாங்கி வருவதுபோலக் கேட்டதாம். மலாயாவில் பிரிட்டிஷாரிடம் ஒரு டாங்கிகூட இல்லை. எதிரியிடம் இருப்பதாகத் தெரிந்த சிப்பாய்களுக்குச் சத்தமே போதுமானதாக இருந்தது. பெருங்கதை யானை மாதிரிதான்.

துரோலாக் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் வளர்ந்த என் தாத்தாவுக்கு அப்போது பதிமூன்று வயது. ‘சப்பான்காரன் ஒல்லியா, குட்டையா, தோள்ல சைக்கிளத் தூக்கிக்கிட்டு வந்தான்டா. நாங்க தீவட்டிக் கொள்ளக்காரன் மாதிரி வருவான்னு நெனச்சோம்’ என்பார். அதற்கு மேல் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார்.

சிலிம் ரிவரில் வந்தவை நிஜ டாங்கிகள். 1942 ஜனவரி 7, விடிய இன்னும் நேரம் இருக்கும்போது, மேஜர் ஷிமாடாவின் தலைமையில் டாங்கிகள் துரோலாக்குக்கு வடக்கே தடைகளை உடைத்துக்கொண்டு கூட்டரசுச் சாலையில் இறங்கின. எதிரில் 11ஆவது இந்திய டிவிஷனின் இரண்டு பிரிகேடுகள். பஞ்சாபிகள், ஹைதராபாத் படைப்பிரிவினர், கூர்க்காக்கள், ஸ்காட்லாந்தின் ஆர்கைல் வீரர்கள். வாரக்கணக்கில் பின்வாங்கிப் பின்வாங்கித் தூக்கமில்லாதவர்கள்.

இந்தச் சண்டையில் இரண்டு விஷயங்கள் என்னை விடாமல் பிடித்துக்கொள்கின்றன. ஒன்று சாலை. அந்தச் சாலையை முன்பே நேராக்கியிருந்தார்கள். பழைய வளைவுகள் பால்மரக் காட்டுக்குள் கைவிடப்பட்டுக் கிடந்தன. தற்காப்புக்கு நின்றவர்கள் புதிய சாலையில் தடை போட்டார்கள். டாங்கிகள் பழைய வளைவுகளில் நுழைந்து தடையைச் சுற்றி வந்துவிட்டன. சாலை உருமாறியிருந்தது, ஆனால் அதன் பழைய உருவம் எங்கும் போய்விடவில்லை.

இரண்டாவது, சிப்பாய்கள் இருந்த நிலை. டாங்கிகள் தெற்கே வரவர, இடம் மாறிக்கொண்டிருந்த படைகள் நடுச்சாலையில் அகப்பட்டன. ஒரு பஞ்சாப் பட்டாளம் வரிசை வரிசையாக நடந்து வந்துகொண்டிருந்தது. குளூனி தோட்டத்தில் நிலையெடுக்கப் போய்க்கொண்டிருந்த கூர்க்கா பட்டாளத்துக்குப் பின்பக்கமாக வந்து விழுந்தன. முகாமில் இருக்கும் படைக்கு ஒரு உருவம் உண்டு. பதுங்குகுழியில் நிற்கும் படைக்கு ஒரு உருவம் உண்டு. சாலையில் நடந்துபோகும் படை இரண்டுமில்லை. துப்பாக்கி தோளில், பீரங்கி வண்டியில், பார்வை முன்னால் போகிறவனின் முதுகில். சில மணி நேரத்தில் சுமார் 30 கிலோமீட்டர் ஆழத்துக்கு எல்லாம் சிதறியது. சிலிம் ஆற்றுப் பாலத்தைத் தகர்ப்பதற்குக்கூட அவகாசம் கிடைக்கவில்லை. பாலம் தாண்டியும் போன டாங்கிகளை ஒரு பீரங்கிப்படை கடைசியில் நிறுத்தியபோது காலை வெயில் ஏறிவிட்டது. இரண்டு பிரிகேடுகளும் அநேகமாக இல்லாமல் போயின. 3 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் சிறைபட்டார்கள். நான்கு நாள் கழித்து, ஜனவரி 11ஆம் தேதி, கோலாலம்பூர் விழுந்தது.

*

பொறியாளர்கள் இந்த நடுநேரப் பிரச்சினையை எப்படிக் கையாண்டார்கள் என்பதற்கு நல்ல உதாரணம் 2015இல் கலிஃபோர்னியாவின் பொமோனாவில் நடந்த டார்பா ரோபோ போட்டி. 2011 ஃபுக்குஷிமா அணு உலை விபத்தில் மனிதன் போக முடியாத இடத்துக்கு அனுப்ப உருப்படியான ரோபோ இல்லையே என்ற கவலையில் பிறந்த போட்டி. மொத்தம் எட்டு வேலைகள். முதல் வேலையே, ரோபோ ஒரு சின்ன வண்டியில் உட்கார்ந்து தானே ஓட்டிக்கொண்டு வர வேண்டும். வாகனமாக மாறுவதைவிட வாகனத்தில் ஏறி உட்காருவது சுலபம் என்று போட்டி வைத்தவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. வண்டியிலிருந்து இறங்குவதே பல ரோபோக்களுக்குப் பெரும்பாடாகிவிட்டது. இரண்டு காலில் நடந்த பல ரோபோக்கள் குடிகாரர்களைப்போல விழுந்தன. அந்தக் காணொளிகள் இன்றும் இணையத்தில் சுற்றுகின்றன.

ஜெயித்தது தென்கொரியாவின் கைஸ்ட் நிறுவனத்தின் ஹூபோ. 44 நிமிடம் 28 விநாடியில் எட்டு வேலைகளையும் முடித்து 20 லட்சம் டாலர் பரிசைத் தட்டிச் சென்றது. அதன் ரகசியம், முழங்காலில் பொருத்திய சக்கரங்கள். நடக்க வேண்டிய இடத்தில் எழுந்து நடந்தது. சமதரையில் மண்டியிட்டு உருண்டது. அதாவது வாகனமாக மாறியது. ஆனால் எப்படி? மேல் உடம்பைத் தொடவில்லை, கைகள் வேலைக்குத் தயாராகவே இருந்தன. கால் மட்டும் மடங்கியது. நடுவில் நிலைகுலைய அது வாய்ப்பே வைக்கவில்லை.

சோரா-கியூவும் அப்படித்தான். அது நிலவுக்குப் போகும்வரை பெரிய கலம் ஒன்று அதைச் சுமந்தது. அது எடுத்த படத்தைப் பூமிக்கு அனுப்ப லெவ்-1 என்ற இன்னொரு சிறிய ரோபோ இருந்தது. நிலவின் ஈர்ப்பு பூமியில் ஆறில் ஒரு பங்குதான். பந்திலிருந்து வண்டியாக ஒரு தடவை விரிந்தால் போதும், திரும்பிப் பந்தாக வேண்டிய கட்டாயம் அதற்கு இல்லை. உருமாற்றம் சாத்தியமான இடங்களைப் பார்த்தால் இதுதான் தெரிகிறது: மாறுகிற பொருள் சின்னதாக இருக்கிறது, மாற வேண்டிய பகுதி கொஞ்சமாக இருக்கிறது, மாறி முடியும்வரை வேறொன்று அதைத் தாங்குகிறது.

*

எங்கள் சாலையில் வந்த டாங்கிகளை வடிவமைத்தது மிட்சுபிஷி கனரகத் தொழில் நிறுவனம். போர் முடிந்தபின் 1950இல் அந்த நிறுவனம் மூன்றாக உடைக்கப்பட்டது, 1964இல் மறுபடி ஒன்றானது, 1970இல் அதன் கார்ப் பிரிவு மிட்சுபிஷி மோட்டார்ஸ் என்று தனியானது. 1982இல் மகாதீர் கிழக்கை நோக்கும் கொள்கையை அறிவித்தார். 1983இல் புரோட்டோன் தொடங்கியது. 1985 ஜூலையில் மிட்சுபிஷி லான்சரின் உடம்பில் முதல் புரோட்டோன் சாகா வெளிவந்தது. 1942இல் டாங்கியாக வந்தது, 43 வருஷம் கழித்து அதே கூட்டரசுச் சாலையில் குடும்பக் காராக வந்தது. டிரான்ஸ்ஃபார்மர்ஸ் படம் எடுப்பவர்களால்கூட இப்படி ஒரு உருமாற்றத்தை எழுத முடியாது. சும்மா நடந்துவிடவில்லை. மாறி முடிகிறவரை ஒரு நாட்டின் அரசாங்கமும் வங்கிகளும் அந்த நிறுவனத்தைத் தாங்கின. பிறகு இன்னொரு நாட்டின் அரசாங்கம் புரோட்டோனைத் தாங்கியது.

2003இல் புரோட்டோனின் பெரிய தொழிற்சாலை சிலிம் ரிவருக்குத் தெற்கே, தஞ்சோங் மாலிமில் திறக்கப்பட்டது. சுற்றிலும் தோட்டங்கள் இருந்த நிலப்பரப்பு. அங்கே காரின் உடம்பைப் பற்றவைப்பது ரோபோ கைகள். எங்கள் வட்டாரத்தில் ரோபோவும் வாகனமும் சந்தித்த இடம் அது. ஒரு பக்கம் ரோபோ நிற்கிறது, மறுபக்கம் கார் வெளியே வருகிறது. இரண்டையும் ஒரே உடம்பில் திணிக்க வேண்டிய அவசியம் யாருக்கும் இருக்கவில்லை.

ரோபோ என்ற சொல்லின் கதையை இங்கே சொல்ல வேண்டும். 1920இல் செக் எழுத்தாளர் காரெல் சாப்பெக் எழுதிய நாடகத்திலிருந்து அது உலகத்துக்கு வந்தது. செக் மொழியில் ரோபோட்டா என்றால் கட்டாய உழைப்பு, பண்ணையாருக்குச் செய்யும் வெட்டிவேலை. சாப்பெக்கின் ரோபோக்கள் இரும்பால் ஆனவை அல்ல. சதையும் தோலுமாக, வேலைக்கென்றே உற்பத்தி செய்யப்பட்ட உடம்புகள். அந்த நாடகம் எழுதப்பட்ட காலத்தில் கங்காணிகள் தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து மலாயாத் தோட்டங்களுக்கு ஆள் கூட்டிக்கொண்டிருந்தார்கள். 1938இல் இந்திய அரசு தடை போடும்வரை அது நடந்தது. ஜப்பானியர் வந்த பிறகு அதே தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் பேரைச் சயாம் ரயில் பாதைக்கு ஏற்றிப்போனார்கள். மண் சுமக்கும் வண்டி இல்லாத இடத்தில் மனிதனே வண்டியானான். என் தாத்தா பேச்சை மாற்றிவிடுவது அந்த இடத்தில்தான்.

சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் வெள்ளைக்காரத் துரைகள் தோட்டங்களை விற்றுவிட்டுப் போகத் தொடங்கினார்கள். துண்டாடல் என்ற சொல் அப்போது தோட்டம்தோறும் பயமாகப் பரவியது. 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால்வெட்டுத் தொழிலாளர்கள் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்த பணத்தில் தோட்டங்கள் வாங்கப்பட்டன. சங்கம் எட்டிய தோட்டங்களில் லயத்து மக்கள் இருந்த இடத்திலேயே இருக்க முடிந்தது. எட்டாத தோட்டங்கள்தான் அதிகம். பிறகு பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. செம்பனைக்கு அத்தனை கை வேண்டாம். அதன் பிறகு செம்பனையும் சில இடங்களில் போய்த் தாமானும் தொழிற்சாலையும் வந்தன.

நிலம் அழகாக உருமாறியது. நிலத்தில் இருந்தவர்களுக்குத்தான் அந்த நடு நிமிடம். தோட்டத்து வேலை போய்விட்டது, தொழிற்சாலை வேலைக்குச் சான்றிதழ் இல்லை. லயத்து வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள், பட்டணத்து வீட்டுக்கு முன்பணம் இல்லை. பால்வெட்டுகிறவருக்கு ஒரு உருவம் உண்டு, தொழிற்சாலைத் தொழிலாளிக்கு ஒரு உருவம் உண்டு. இரண்டுக்கும் நடுவில், கூட்டரசுச் சாலையில் நடந்துபோன பட்டாளம் மாதிரி, நம் ஜனங்கள் முப்பது நாற்பது வருஷம் நடந்தார்கள். ஒரு நிமிடத்தில் முடியவேண்டியது ஒரு தலைமுறையைத் தின்றது. நம் இலக்கியத்தில் தோட்டத்து வாழ்க்கை நிறைய எழுதப்பட்டிருக்கிறது, பட்டணத்து வாழ்க்கையும் எழுதப்படுகிறது. நடுவில் போன அந்த நாற்பது வருஷத்தை நாம் இன்னும் போதுமான அளவு எழுதவில்லை என்றே நினைக்கிறேன்.

இதை வாசிக்கிற உங்களில் பலருக்கு இப்போது தினமும் ஒரு உபதேசம் கிடைத்துக்கொண்டிருக்கும். செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டது, மின்சாரக் கார் வந்துவிட்டது, பழைய வேலை இருக்காது, உங்களை மாற்றிக்கொள்ளுங்கள். மூன்று மாதப் பயிற்சி, ஆறு மாதப் பயிற்சி என்று விளம்பரங்கள் வருகின்றன. மாறுவதில் எனக்கு ஆட்சேபனை இல்லை. எதுவும் மாறாமல் இருந்ததாக வரலாற்றில் இல்லை. ஆனால் மாறச் சொல்கிறவர்களிடம் பொறியாளர் கேட்கிற கேள்வியை நாமும் கேட்கலாம். மாறப்போவது எவ்வளவு? எத்தனை நாள்? அதுவரைக்கும் பாரம் எந்தக் காலில் நிற்கும்? வாடகையை யார் கட்டுவது, வீட்டில் இருக்கும் கிழவியை யார் பார்ப்பது, பாதியில் கவிழ்ந்தால் தூக்கி நிறுத்த யார் இருக்கிறார்கள்?

கால் கிலோப் பந்து நிலவில் விரிவதற்கு முன்னால் நான்கு நிறுவனங்கள் உட்கார்ந்து இதற்கெல்லாம் பதில் எழுதின. துரோலாக்கிலிருந்து தஞ்சோங் மாலிமுக்கு மோட்டாரில் வேலைக்குப் போகிற பிள்ளைக்கும் யாராவது எழுத வேண்டும்.